உள்ளே ஆள் இருக்கிறார்

கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த தூசியைப் பழைய பனியன் துணியால் துடைத்து முடித்துவிட்டு அப்பா கேட்டார்.

"உள்ள இருக்கறதை எல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டியா?"

"எடுத்துட்டேம்ப்பா."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் மகள் அதைச் சொன்னாள். பென்டிரைவ் அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது. அந்தப் பழைய இயந்திரத்திலிருந்து எல்லாவற்றையும் நகலெடுப்பதென்றால் மதியம் ஆகிவிடும். அவளுக்கு மாலை ஐந்து மணிக்கு ரயில். பல் மருத்துவமனையில் அவள் உட்காரும் வரவேற்பு மேசையில், பழைய கம்ப்யூட்டரில் புது இயங்குதளம் ஏற்றும் இதே வேலையை ஆட்கள் வந்து செய்ததைப் பார்த்திருக்கிறாள். ஒரு கோப்பும் காணாமல் போனதில்லை. நடுவில் மின்சாரம் நின்றால்தான் சிக்கல் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அப்பா துணியை மடித்து வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். அம்மாவிடம் ஏதோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு கட்டிலுக்கடியில் கருவிப் பையை இழுக்கும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் தகடு இருந்தது. ஓரம் துருப்பிடித்து, மேலே கம்பி வளைத்துக் கட்டியது. அதில் சிவப்பு எழுத்தில், "உள்ளே ஆள் இருக்கிறார். தொடாதே."

கம்ப்யூட்டரின் வயர் செருகியிருந்த சுவர் சுவிட்சில் அதை மாட்டினார்.

"அப்பா, இது லிஃப்ட் இல்ல."

"பாதியில நின்னா கஷ்டம்தானே? அப்போ லிஃப்ட்டுதான்."

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து மோட்டார் அறை எங்கே என்றுதான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் முகம் தெரியும் அந்த வீடியோ ஜன்னல், இந்தக் கம்ப்யூட்டரில் இனி இயங்காது என்று போன மாதம் அறிவித்துவிட்டது. இரண்டு ஞாயிறு வெறும் போனில் பேசினார்கள். "குரல் வருது, ஆள் வரல. கதவு திறக்காத லிஃப்ட் மாதிரி இருக்கு" என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார். புதிது வாங்கலாம் என்று அவள் சொன்னதற்கு, "பதினோரு வயசெல்லாம் ஒரு வயசா? என்னைவிட மூத்த லிஃப்ட்டை எல்லாம் ஓட்டியிருக்கேன்" என்றார். அதனால்தான் சனிக்கிழமை காலையிலேயே அவள் ரயிலேறி வந்து இதைத் தொடங்கினாள்.

நீலத் திரையில் சதவீத எண் ஏறத் தொடங்கியது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பன்னெண்டாவது மாடி," என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இறங்கி வந்து டீயைக் குடிங்க," என்றாள் அம்மா.

"நடுவுல இறங்க முடியாதும்மா. இங்கயே குடு."

மகள் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அம்மாவுடன் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். இருபத்தேழு என்று குரல் வந்தது. முப்பத்து மூன்று. நாற்பத்தொன்று. அம்மா தன் தங்கையின் மகளுக்குப் பார்த்த வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்கிறானாம். "கல்யாணத்துக்காவது வருவியான்னு கேட்டாகூட பாக்கலாம்பான் போல," என்று அம்மா சிரித்தாள். பீன்ஸ் முடிந்தது.

"எத்தனாவது மாடி?" என்று அம்மா கேட்டாள்.

பதில் இல்லை.

"தூங்கிட்டாரு போல. போய் எழுப்பு, கழுத்து வலிக்குதும்பாரு."

மகள் போனாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. திரையில் நாற்பத்தொன்றுதான்.

தெருக்கோடியிலிருந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். வலியே தெரிந்திருக்காது என்றும் சொன்னார். அம்மா அவரிடம், "கண்ணாடியை அவரேதான் கழட்டினாரு" என்றாள். அதில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையசைத்தார்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். கூடத்தின் மூலையில்தான் கம்ப்யூட்டர் மேசை. வந்தவர்கள் அப்பாவைப் பார்த்து அழுதுவிட்டுத் திரும்பும்போது நீலத் திரையையும் ஒரு முறை பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் மகளின் காதருகே குனிந்து, "டிவியை அணைச்சிருக்கலாமேம்மா" என்றாள்.

மகள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து திரை தெரிந்தது. அழுதுகொண்டே அந்த எண்ணைப் பார்த்தாள். பார்த்ததற்கு வெட்கப்பட்டாள். மறுபடியும் பார்த்தாள். நாற்பத்தொன்று.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் அப்பாவின் ஒலிப்பதிவுகள் இருந்தன. லிஃப்ட்டின் நோயைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார் அவர். எந்தச் சத்தத்துக்கு எது பழுது என்று கூட வேலை செய்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, முதலில் ஒரு சின்ன ரெக்கார்டரிலும் பிறகு போனிலும் பதிந்து வைத்தவை. இருநூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்று அவர் குரல் சொல்லும். கேமரா என்றாலே விறைத்து நிற்கும் மனிதர். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. எடுத்துட்டேம்ப்பா என்று அவள் சொல்லியிருந்தாள்.

மூன்று மணி வாக்கில் சித்தப்பா ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் புழுக்கம் தாங்கவில்லை. வயர் எட்டுகிற இடத்தில் இருந்தது ஒரே ஒரு சாக்கெட். அவர் அதை நோக்கிக் குனிந்தார்.

"சித்தப்பா, அதை எடுக்காதீங்க," என்றாள் மகள். எழுந்தே விட்டாள்.

"காத்து வேணாமாம்மா? கம்ப்யூட்டரு இப்ப என்னத்துக்கு?"

"அதுல... வேலை நடந்துட்டிருக்கு. பாதியில அணைச்சா எல்லாம் போயிடும்."

"அண்ணனே போயிட்டாரு. இன்னும் என்ன போகணும்?"

 எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சித்தப்பாவின் கை பிளக்கைத் தொட்டது.

"கையை எடு தம்பி."

வாசலிலிருந்து வந்தது குரல். அப்பாவோடு இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். எப்போது பார்த்தாலும் சட்டையில் கறை இருக்கும் என்பதால் சின்ன வயதில் அவள் வைத்த பெயர் கிரீஸ் மாமா. பிறகு கம்பெனியிலும் அதே பெயர் நின்றுவிட்டது. இன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தகட்டை.

"யாரு மாட்டினது?"

"அப்பா. காலையில," என்றாள் மகள்.

கிரீஸ் மாமா சித்தப்பாவிடம் திரும்பினார். "மாட்டினவர்தான் கழட்டணும். வேற யாரும் அதைத் தொடக் கூடாது. எங்க வேலையில அதுதான் சட்டம்."

"மாட்டினவர் இங்க படுத்திருக்காரே," என்றார் சித்தப்பா.

 கிரீஸ் மாமா அப்போதுதான் அப்பாவைப் பார்த்தார்.  பிறகு, "அப்போ அது அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார். சமையலறை சாக்கெட்டிலிருந்து நீளமான வயரை இழுத்துவந்து, யாரும் தடுக்கி விழாதபடி சுவரோரமாக ஒட்டி, ஃபேனை ஓடவிட்டார். அதற்குப் பிறகுதான் வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்.

நாலரை மணிக்கு எண் நாற்பத்திரண்டானது. அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அப்பாவைக் கொண்டுபோனார்கள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது, அவர் கிடந்த இடத்தை யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் காயும்வரை எல்லோரும் அதைச் சுற்றியே நடந்தார்கள். திரையில் நீலம் போயிருந்தது. வேலை முடிந்து, இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்திருந்தது. பின்னணியில் முன்பின் பார்த்திராத ஒரு மலை.

கூட்டம் குறைந்த பிறகுதான் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.  கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். "லிஃப்ட் சத்தம்" என்று அப்பா பெயரிட்ட மஞ்சள் ஃபோல்டர் இருந்தது. உள்ளே எண்ணிக்கையைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு.

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அம்மா வந்து பின்னால் நின்றது தெரிந்தது.

"அம்மா, நான் எடுத்து வைக்கலம்மா. கேட்டாரு. எடுத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"அவருக்கும் தெரியும்," என்றாள் அம்மா. "சமையல்கட்டுல வந்து சொன்னாரு. 'இவ எடுக்கலடி. கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேங்கறா. ரயிலுக்கு நேரமாகுமேன்னு பாக்குறா. நடுவுல கரண்டை யாராவது அணைச்சாங்கன்னா காலம் பூரா மனசுல வெச்சுக்கிட்டுத் திரிவா. அந்தத் தகடு எங்க வெச்சே?'ன்னாரு. கட்டிலுக்கடியிலன்னேன்."

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள். மகள் கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகினாள். நகலெடுக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆகும் என்றது திரை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டாள்.

"ஒண்ணு போடேன்."

கைக்கு வந்ததைப் போட்டாள். முதலில் காற்று மாதிரி ஒரு இரைச்சல். பிறகு அப்பா.

"ஆஸ்பத்திரி. ரெண்டாவது லிஃப்ட். அஞ்சாவது மாடி தாண்டும்போது கேளு." சற்றுத் தள்ளி, எதிரொலியோடு, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார். காத்திருந்தார். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை. பிறகுதான் மோட்டார் ஓடியது. அஞ்சாவது மாடியில் கிறீச் என்று ஒரு சத்தம். "கேட்டுச்சா? கயிறு இல்ல, உருளை," என்றார். பதிவை நிறுத்த மறந்துவிட்டார் போல. போன் ஒலித்தது. "ம், கிளம்பிட்டேன். பத்து நிமிஷம். நீ சாப்பிடு."

பதிவு முடிந்தது.

"அன்னிக்கு நாலு மணிக்கு வந்தாரு," என்றாள் அம்மா. "நான் சாப்பிடல."

மாலை ரயிலுக்கு இரண்டு நாள் தாமதமாக, திங்கட்கிழமை மகள் கிளம்பினாள். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். திரை கறுத்தது. சுவர் சுவிட்சையும் அணைத்துவிடக் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ ஜன்னலில் அம்மா வந்தாள். கேமராவுக்கு மிகவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள் மகள். அம்மா நகர்ந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், பக்கச் சுவரில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அதில் தகடு தொங்கியது.