சென்னியப்பனுக்காக நடந்தவள்

நாச்சம்மாள் நடந்தாள், சென்னியப்பனுக்கு வேர்த்தது. ஈரோட்டில் அந்த வீட்டின் ஏற்பாடு அப்படி.

இதில் புதுமை ஒன்றுமில்லை. முன்பு அவருக்குக் காமாலை வந்தபோது பழநிக்குப் பாதயாத்திரை போனவள் அவள்தான். காமாலை இறங்கியது அவருக்கு. ஆகவே, "தெனமும் நடக்கோணும்" என்று டாக்டர் சொன்னதும் சென்னியப்பன் நியாயமாகத்தான் கேட்டார்.

"எம்பட சம்சாரம் நடந்தாப் போதுங்களா?"

டாக்டர் யோசித்தார். அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, செருப்பு நல்லா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பப் போதும்."

மறுநாள் விடியலில் அவள் கிளம்பினாள். இவர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தார். அவள் ரயில்வே மேம்பாலம் ஏறியபோது இவர் கெண்டைக்கால் இறுகியது. அங்கே நாய் துரத்தியது. இங்கே நெஞ்சு படபடத்தது. திரும்பி வந்தவள் முகத்தில் சொட்டு வேர்வை இல்லை. அவருடைய பனியனைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

தொப்பை வற்றியது. சர்க்கரை இறங்கியது. தொடை இரண்டும் நேர்ந்துவிட்ட கிடாயின் தொடைபோலத் திரண்டன. அவள் இருந்தபடியே இருந்தாள்.

சிக்கல் ஒன்றே ஒன்று. களைத்தால்தானே மனுசர் நிற்பார்கள்? அவளுடைய களைப்பும் நாற்காலிக்கே வந்துகொண்டிருந்தது. நடை பொழுதுக்கும் நீண்டது. பனியன் உலர நேரமில்லை.

"போதும் நிறுத்து புள்ளே. நெஞ்சு தெறிச்சுப் போயிரும்."

அவள் முகம் வெளுத்தது. சாமி படத்துக்கு முன்னால் போய் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள்.

"முருகா, எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சு நிதானமா அடிக்கோணும். உன்ற மலைக்கு நடந்தே வாரேன்."

"நடக்காதேன்னுதான சொல்றேன்!"

"உங்களுக்காகத்தானுங்" என்றாள். செருப்பைக்கூட மாட்டவில்லை, வேண்டுதலுக்குச் செருப்பு ஆகாது.

பின்னாலேயே ஓடிப் பிடிக்க எழுந்தார் சென்னியப்பன். முடியவில்லை. கால்கள் வேறிடத்தில் வேலையாக இருந்தன.

அவள் தாராபுரம் தாண்டிய சேதியைக் குதிகால் கொப்புளம் சொன்னது. அப்புறம் போன் அடித்தது.

"ஏனுங், மலை அடிவாரத்துல நிக்கறனுங். துளிக்கூடக் களைப்பில்லீங். எல்லாம் அவன் கிருபை."

படியேறாமல் மேலே போக அங்கே இழுவை ரயில் உண்டு. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். மூச்சுதான் முந்திக்கொண்டு வந்தது.

"வி... வின்ச்சு..."

"வின்ச்சுல போனா வேண்டுதல் பலிக்குமுங்களா? நல்லாக் கேக்கறீங்க." அவள் ஒரு நொடி காது கொடுத்தாள். "அட சாமி, இன்னும் இப்பிடி இரைக்குதே உங்களுக்கு! பயந்துக்காதீங்க. நான் ஓடியே ஏறிடறனுங்."

சென்னியப்பன் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். முதல் படி அவர் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது.