பேர் சொல்லும் போன்

எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். வீட்டுக்கு வரும் சேதி முதலில் வீட்டுத் தலைவன் காதில் விழ வேண்டும் என்பது என் கட்டுப்பாடு. துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் கொஞ்ச நாளாகக் காது ஒத்துழைக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல், போன் கரகரக்கிறது என்று சொல்லி வந்தேன்.

"கரகரப்பு போன்லதான் இருக்கா, இல்ல வேற எங்கயாவதா?" என்றாள் என் மனைவி.

"உனக்குத் தெரிஞ்சா நீயே ரிப்பேர் பண்ணு" என்றேன்.

என் ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். மருமகள் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்; எங்களோடுதான் இருக்கிறாள். புதுப் போன் வாங்கக் கடைக்கு என்னை அழைத்துப் போனவளும் அவள்தான்.

போகிற வழியில் அவள் ஒரு விஷயம் கேட்டாள். அவளுடைய அப்பாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மனைவியை இழந்தவர், மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். நாளுக்குப் பலமுறை சொட்டு மருந்து விட வேண்டும், ஒரு வேளை தவறினாலும் பார்வைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"மருந்து முடியிற வரைக்கும் அப்பாவை நம்ம வீட்டுல வச்சுக்கலாமா மாமா? நான் லீவு போட்டுடறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

சம்பந்தி பஸ் ஓட்டியவர். நல்ல மனிதர், ஆனால் நம் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே என்பது என் நினைப்பு. பெண் கொடுத்த வீட்டில் வந்து தங்குகிறாரே என்று நாலு பேர் பேசுவார்களோ என்றும் யோசித்தேன். கடை வாசலில் இறங்கும்போது, "வரட்டும். நம்ம வீடு அவ்வளவு சின்ன வீடு இல்ல" என்றேன். பெரிய தானம் செய்தவன் போல இருந்தது எனக்கு. அவள் முகம் மலர்ந்தது.

கடையில் ஒரு விற்பனைப் பெண் எங்களைப் பார்த்ததும் நேராக ஒரு அலமாரிக்கு அழைத்துப் போனாள்.

"ஐயாவுக்கு இது கரெக்டா இருக்கும். பட்டன் எல்லாம் பெருசு. பாருங்க, இந்த சிவப்பு பட்டன், எங்கயாவது விழுந்துட்டீங்கன்னா ஒரு அமுக்கு அமுக்கினா போதும்."

"யாரு விழப்போறா?"

"யாரும் விழ வேண்டாம் ஐயா. பட்டன் சும்மா இருக்கட்டுமே."

"என்னைப் பார்த்தா விழறவன் மாதிரியா தெரியுது?"

அவள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் பேட்டரி அட்டைகளை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு கம்பியில்லாத் தொலைபேசிகள் வந்தன. ஒன்று சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. இன்னொன்றில் எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. கடைசியாக ஒரு கறுப்புப் போன். கூப்பிடுகிறவர் பேரை அது வாய்விட்டுச் சொல்லும். மிஷின் குரல் வேண்டாம் என்றால் ஒவ்வொரு பேரையும் நம் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம். விற்பனைப் பெண் சத்தத்தைக் கூட்டிக் காட்டியபோது கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிக் கேட்டேன்.

"இது பரவாயில்ல" என்றேன்.

மாற்று பேட்டரி, நீள வயர், சுவரில் மாட்டும் தாங்கி எல்லாம் எடுத்தோம். மருமகள் ஒரு காலிங்பெல்லைக் கையில் எடுத்தாள். வீட்டுக் காலிங்பெல் மழையில் கெட்டுப் போயிருந்தது.

"மாமா, இதையும் வாங்கிடலாமே. அப்பா வந்தா கேட் தாழ்ப்பாளைத் தேடிக்கிட்டு நிக்க வேண்டாம்."

"வேண்டாம். நம்ம வீட்டுக்கு வர்றவங்க ஐயான்னு கூப்பிட்டு வருவாங்க. பட்டனை அமுக்கிட்டு ஒதுங்கி நிக்கிறது பார்சல் கொண்டு வர்றவன் பழக்கம்."

அவள் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எண்களை எல்லாம் அவளே போனில் ஏற்றினாள். திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே பேரை அடித்தாள். குரல் பதிவை மட்டும் நான் செய்துகொள்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மனைவி துணி மடித்துக்கொண்டு கூட இருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா உறவுக்கும், வந்து போகிறவர்களுக்கும் ஒரு உள்பேர் இருக்கும். வீட்டுக்கு வெளியே போகாத பேர். அதை வைப்பது நான். என் தம்பிக்குப் பேர் 'தவணை'. எதைக் கேட்டாலும் அடுத்த மாதம் என்பான். மனைவியின் அக்கா 'ஒலிபெருக்கி'. குழாய் வேலை செய்கிறவர் 'நாளைக்கு'.

போனில் உள்பேரையே பதிவு செய்வது என்று தீர்மானித்தேன். அது வேடிக்கைக்காக இல்லை. அவ்வளவு சத்தமாகக் கூவுகிற போன். யார் நம்மைக் கூப்பிடுகிறார்கள், டாக்டரா வக்கீலா என்பது எதிர்வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. உள்பேர் என்றால் வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று நினைத்தேன்.

சம்பந்தியின் எண் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளைப் பார்க்க வருவார். வருகிற நேரம் சரியாக மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்போம், அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். அதனால் அவருக்கு நான் வைத்த பேர் 'சாப்பாட்டு மணி'.

"அவருக்கு வேண்டாங்க" என்றாள் மனைவி.

"அவர் மருமக செல்லுக்குத்தான் பேசுவார். இதுக்கு எங்க கூப்பிடப் போறார்?"

"அப்ப எதுக்குப் பதியணும்?"

"ஒண்ணை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?" என்று பொத்தானை அழுத்திப் பேரைச் சொன்னேன். மனைவி சிரிக்காமல் துணியை மடித்தாள். நான் சிரித்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் மாலை மருத்துவமனையிலிருந்து அவரை அழைத்து வருவதாக ஏற்பாடு. மருமகள் காலையிலிருந்து சமைத்தாள். உள் அறையில் புது விரிப்புப் போட்டாள். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். புழுக்கத்துக்காக ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

போன் அடித்தது. என் குரல் கூடத்தை நிரப்பியது.

"சாப்பாட்டு மணி."

நான் எழுவதற்குள் மறுபடியும் சொன்னது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. தோளில் ஒரு துணிப்பை. பிறருக்குச் சிரமம் வேண்டாம் என்று மதியமே தானாகக் கிளம்பி வந்துவிட்டார். காலிங்பெல் இல்லை, தாழ்ப்பாள் கைக்குத் தட்டுப்படவில்லை. மகளின் செல்லுக்குப் போட்டிருக்கிறார், அது மாடியில் சார்ஜில் கிடந்தது. அதனால் வீட்டு எண்ணுக்குப் போட்டிருக்கிறார்.

"சாப்பாட்டு மணி" என்றது போன்.

அவர் காதிலிருந்து செல்லை எடுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த வக்கீல் வீட்டு அம்மா சிரித்தாள். புரிந்து சிரித்தாளோ புரியாமல் சிரித்தாளோ, எனக்குத் தெரியவில்லை.

நான் போனைப் பிடுங்கி எதையோ அழுத்தினேன். நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை, ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

"ஹலோ, சம்பந்தியா? நான்தாங்க, வெளியில நிக்கிறேன்" என்று அவர் குரல் கூடத்துக்குள் வந்தது. சாதாரணமாகத்தான் பேசினார்.

திரும்பினால் மருமகள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதன் திரையில் அவள் அடித்து வைத்திருந்த பேர் இருந்தது: அப்பா.

கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்தாள்.

சம்பந்தி உள்ளே வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மருமகள் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, மருந்துப் பாட்டிலை எடுத்துச் சொட்டு விட்டாள். அப்புறம் மாடிக்குப் போனாள். பை ஒன்றை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் அறைக்குள் போனேன். மனைவி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அவ கிளம்பறா. அப்பாவோட அறைக்கே போய் இருந்துக்கறாளாம்."

"மாடிப்படி ஏறி இறங்கணும். தண்ணிகூடக் கீழ இருந்து தூக்கணும். கண்ணு கெட்டுடும்."

"அது அவளுக்குத் தெரியாதா?"

"அவர் வர்ற நேரம் அப்படி. ஊர்ல யாரைக் கேட்டாலும்…"

"அவர் சாப்பிடவா வர்றார்?" என்றாள் மனைவி. என்னிடம் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "நாம ரெண்டு பேரும் சாப்பிட்டுப் படுத்ததுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு தனியா ஒரு தட்டைப் போட்டுக்கிட்டு உக்காரும். கல்யாணமான புதுசுல ஒருநாள் வந்தப்ப மனுஷன் அதைப் பார்த்துட்டார். அன்னையிலேருந்து அந்த நேரத்துக்கு வந்துடறார். அவர் சாப்பிடறது ரெண்டு வாய். அதுவும் அவ திட்டறாளேன்னு."

"நீ அவ கூட உக்காந்திருக்கலாமே?"

"உங்க கூட உக்காந்தேனே! நாம சாப்பிடறப்ப பரிமாற ஒரு ஆள் நிக்கணும்னு சொன்னது யாரு?"

சொன்னது நான்தான். அது ஒரு வீட்டுக்கு அழகு என்று சொன்னேன்.

கூடத்துக்கு வந்தேன். சம்பந்தி மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பஸ் நிலையத்தில் காத்திருக்கிறவர் மாதிரி. மருமகள் பையோடு இறங்கி வந்துவிட்டாள்.

"இந்த மிஷின்…" என்று ஆரம்பித்தேன். மிஷின் என்ன செய்யும்? நிறுத்திவிட்டேன். "குரல் என்னோடதுதான்" என்றேன்.

"தெரியுது சம்பந்தி. கணீர்னு இருந்துச்சு" என்றார். பிறகு என்னைத் தேற்றுகிறவர் போல, "விடுங்க. பஸ்ஸுல எனக்கு வச்ச பேரை எல்லாம் கேட்டா நீங்க காதைப் பொத்திக்குவீங்க. பேரு வச்சா உடம்புல ஒட்டிக்கவா போகுது? பாப்பா காதுல விழுந்துச்சு பாருங்க. அதான் கொஞ்சம் ஒரு மாதிரியாப் போச்சு."

மருமகள் பக்கம் திரும்பினேன். கிடங்கில் எத்தனையோ பேரை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "தப்பு என் மேலதாம்மா. ரெண்டு பேரும் என்னை மன்னிச்சுக்கணும். அப்பா கண்ணை உத்தேசிச்சு இங்கயே இருங்க" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"இருக்கேன் சம்பந்தி" என்றார் அவர், கொஞ்சம் யோசித்து. "படி ஏற முடியாது, உண்மைதான். மருந்து முடியிற வரைக்கும் இருக்கேன். ஆனா ஒண்ணு, தப்பா எடுத்துக்கக் கூடாது. சாப்பாட்டை நான் வெளியில பார்த்துக்கறேன்."

"நம்ம வீட்டுல இருந்துக்கிட்டு வெளியிலயா?"

"வாயில இறங்காதுங்க. கோபத்துல சொல்லல. நிஜமாவே இறங்காது."

காலையிலிருந்து அவள் சமைத்ததெல்லாம் மேசைமேல் மூடி இருந்தது. மருமகள் மாடிக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கப்பா, எனக்கும் பசிக்குது" என்று சொல்லி வெளியே அழைத்துப் போனாள்.

அன்றிரவே பதிவை எல்லாம் அழித்துவிட்டேன். இப்போது போன் வெறுமனே அடிக்கிறது. அதனால் ஒன்றும் மாறவில்லை. அவர் கண் நன்றாகத் தேறி வருகிறது. சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. மதியம் ஆனால் அப்பாவும் மகளும் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்கு நடந்து போகிறார்கள். கண்ணில் மூடி போட்டவரை அவள் கைபிடித்து மெதுவாக அழைத்துப் போவதைத் தெருவே பார்க்கிறது. எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளி எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை என்பதும் தெருவுக்குத் தெரியும். யாரும் என்னிடம் கேட்பதில்லை. எதிர்வீட்டு வக்கீல் மட்டும் ஒருநாள், "சம்பந்திக்கு வீட்டுச் சாப்பாடு ஆகாதோ?" என்றார். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

நேற்றும் அவர்கள் கிளம்பிப் போனார்கள். மனைவி மேசையில் இரண்டு தட்டை வைத்து, "சாப்பிட வாங்க" என்றாள்.

"அவங்க வரட்டும். நீ சாப்பிடு" என்றேன்.

"அவங்க சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க."

"தெரியும்."

ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டைத் தனியாக இழுத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து கேட் திறந்தது. மருமகள் எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல கண்ணால் என்னைத் தேடிப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிட்டாச்சா சம்பந்தி?"

"ஆச்சு" என்றேன்.