கணக்கில் ஒரு பூஜ்யம்

ஜூன் 17, காலை 10.50. மருத்துவமனைத் தொட்டியில் இன்னும் எழுபது நிமிடத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. சிறுநீரகப் பிரிவில் ஒன்பது பேர் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருந்தார்கள்.

நீர் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் உதவிப் பொறியாளர் குழாய் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தாள். எல்லாக் குழாயிலும் அளவுமானி கிடையாது. ஒரு சந்திப்பில் ஒரே ஒரு குழாயின் அளவு மட்டும் தெரியாவிட்டால், கழித்துப் பார்த்தே அதைப் பிடித்துவிடலாம். அந்த விடை அடுத்த சந்திப்பின் கணக்கைத் திறந்துவிடும். முதல் சந்திப்புக்கு விநாடிக்குத் தொண்ணூறு லிட்டர் வந்தது. கிழக்குச் சாலைக்கு முப்பது போனது. மீதி அறுபது இரண்டாம் சந்திப்புக்குப் போயிருக்க வேண்டும். அங்கிருந்து கடைவீதிக்கு இருபத்தைந்து, மருத்துவமனைக்கு ஐந்து, புதுக்குடியிருப்புக்குப் பூஜ்யம். முப்பது லிட்டர் எங்கே?

"நடுவுல குழாய் வெடிச்சிருக்கு, தோண்டச் சொல்லிடலாம்," என்றார் தலைமைப் பொறியாளர்.

"ரோடு முழுக்க நடந்து பாத்துட்டாங்க சார். ஒரு சொட்டு ஈரம் இல்ல. தோண்டினா நாலு மணி நேரம் ஆகும்."

"அப்ப தண்ணி ஆவியாப் போச்சாம்மா?"

அவள் தாளை மறுபடி பார்த்தாள். எல்லா எண்ணும் அளவுமானியோ கழித்தலோ தந்தவை. அந்தப் பூஜ்யம் மட்டும் காலையில் தொலைபேசியில் அவள் அண்ணன் சொன்னது. இருபத்திரண்டு வருடமாக வால்வு திறந்து மூடுகிறவன். 'புதுக்குடியிருப்பு வால்வ மூடிட்டேன்' என்றதும் யோசிக்காமல் எழுதியிருந்தாள்.

அதை அழித்தாள். இப்போது அங்கே தெரியாதது ஒன்றே ஒன்று. அதன் விடை முப்பது.

அண்ணனை அழைத்தாள்.

"நான் மூடலங்கிறியா? எனக்கே பாடம் எடுக்கிறியா நீ?"

"இல்லண்ணே. எந்தப் பக்கம் சுத்தின?"

"வலது பக்கந்தான். நேத்துப் பாதி தொறந்து வெச்சிருந்தாங்க, இறுகுற வரைக்கும் சுத்தினேன்."

"அது பதினாலாம் நம்பர், பழைய வால்வுண்ணே. இடது பக்கம் சுத்தினாத்தான் மூடும்."



"மேல்மூடி புதுசு போட்டிருக்காங்க," என்றான். "இடது பக்கம் மூடுற வால்வுக்குப் போடுற செவப்புக் குறி அதுல இல்ல. பழகின கை சுத்திருச்சு."

"சரி, வண்டிய எடு."

11.41க்கு அவன் வால்வை மூடினான். 11.52க்கு மருத்துவமனைத் தொட்டியில் மட்டம் ஏறத் தொடங்கியது. புதுக்குடியிருப்பில், இன்னும் யாரும் குடிவராத வீடுகளுக்கு நடுவே, தரைத்தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

பிற்பகல் அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில், 'வால்வு 14 தவறான திசையில் சுற்றப்பட்டது. மூடியில் குறி இல்லை' என்று எழுதினாள். அடுத்த கட்டம் பணியாளர் பெயர். அண்ணன் பெயரை எழுதினாள்.