ஆயிரமாவது ஆள்

அண்ணனின் உடலைப் பெறக் கையெழுத்துப் போட நீட்டப்பட்ட பேனாவைப் பிணவறைப் பணியாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கை மாடிப்படி ஏறத் தொடங்கினாள். பின்னாலேயே ஓடி வந்தான் அண்ணன் மகன்.

“அத்தை, எங்க போறீங்க? வண்டிக்காரர் காத்துட்டிருக்கார்.”

“காத்திருக்கட்டும். உங்கப்பன் குணமாயிட்டானாம். குணமானவனை எதுக்குடா புதைக்கணும்?”

விஷயம் இதுதான். அண்ணன் பஸ் ஓட்டுநர். தொற்றுக் காய்ச்சல் வார்டில் கிடந்தவனுக்கு, உடம்பில் கிருமி இல்லை என்று நேற்று மதியம் முடிவு வந்தது. மூச்சு மட்டும் சீராக வரவில்லை. நடைவழிக்கு எதிர்ப்பக்கம் இருந்த நுரையீரல் வார்டுக்குக் கட்டிலோடு தள்ளிப் போனார்கள். அந்த ஆஸ்பத்திரியின் வழக்கப்படி, காய்ச்சல் வார்டின் வாசலைத் தாண்டியவர் குணமானவர். நடந்து தாண்டினாலும் சரி, தள்ளிக்கொண்டு போனாலும் சரி. இரண்டு செவிலியர்கள் கைகூடத் தட்டினார்கள். கைதட்டலோடு போன அண்ணன் விடிவதற்குள் செத்துப்போனான். சான்றிதழில் ‘இதயம் நின்றது’ என்று எழுதியிருந்தது. இதயம் நிற்காமல் செத்த யாரையும் அவள் இதுவரை பார்த்ததில்லை.

மாடியில் புள்ளிவிவர அதிகாரியின் அறையில் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் விரித்துக் கிடந்தது பதாகை: ‘ஆயிரம் பேர் குணம்! வெல்கிறோம்!’ மாலைச் செய்தியாளர் கூட்டத்துக்கான ஏற்பாடு. அதிகாரி கண்ணாடி முன் நின்று, வெற்றியை அடக்கத்தோடு ஏற்கும் முகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பொறுமை அவருக்குப் பதவியோடு வந்தது.

“நிவாரணப் பணத்துக்குத்தானேம்மா? வேற வழி பண்ணலாம்.”

“பணம் வேணாம் சார். செத்தவங்க கணக்குல அவனைச் சேருங்க.”

“அவர் நேத்தே குணமாயிட்டாரும்மா. குணமானவர் அப்புறம் இறந்தா, அது அவரோட சொந்த விஷயம்.”

மகன் அவள் கையைப் பிடித்தான். “விடுங்க அத்தை. அப்பா என்ன திரும்பி வரவா போறாரு?”

“வரமாட்டான்னுதான்டா இவங்களைச் சொல்லச் சொல்றேன்.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “ஒரே ஒரு ஆள். இதுல என்னம்மா மாறிடப் போகுது?”

“போன மாசம் டிவியில வந்து, பயமே வேணாம், சாவு குறைஞ்சுடுச்சுன்னு சொன்னீங்க. நான் வேலைக்குப் போகாதேன்னேன். ‘அதிகாரியே சொல்லிட்டாரு, உனக்கென்ன தெரியும்’னு என்னைத் திட்டிட்டு பஸ்ஸை எடுத்தான். அப்பவும் இப்படி எத்தனை பேரைக் குணமாக்கி வெச்சிருந்தீங்களோ! இன்னிக்கு நீங்க சொல்றதைக் கேட்டு, நாளைக்கு இன்னொருத்தன் வண்டியை எடுப்பான்.”

பலூன் ஊதியவர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். அதிகாரி பதாகையைக் காட்டினார்.

“இவரை எடுத்துட்டா தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதும்மா. பேனர் அடிச்சாச்சு.”

“சரி சார், அடிச்சதை வீணாக்காதீங்க. கூட்டத்துக்கு நானும் வரேன். ஆயிரமாவது ஆளைக் காட்டுங்கன்னு நிருபருங்க கேப்பாங்கல்ல? நீங்க அலைய வேணாம். நானே பிணவறைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.”

மாலையில், கீழ்த்தளக் கூடத்தில், அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முணுமுணுப்பதை விட்டுவிட்டு அண்ணன் மகனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பதாகை கம்பீரமாகத் தொங்கியது. அதை மாட்டச் சொல்ல அதிகாரம் இருந்தவர்களில் எவருக்கும் கழற்றச் சொல்ல அதிகாரம் இல்லை போலும். அதன் கீழே நின்று அதிகாரி வாசித்தார்.

“இதுவரை குணமடைந்தவர்கள்...”

அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.”

நிருபர்கள் நிமிர்ந்து பதாகையைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

“இன்று இறந்தவர்கள் ஏழு பேர்.”

காலையில் அது ஆறாக இருந்தது. கேள்விகள் தொடங்குமுன் அவள் எழுந்து, கையெழுத்துப் போடப் போனாள்.

வண்டியின் பின்பக்கம் ஓரமாக ஒரு நீள இருக்கை இருந்தது. அண்ணனைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். வண்டிக்காரர் காத்திருந்த நேரத்தையெல்லாம் சாலையில் பிடித்துவிடும் வேகத்தில் ஓட்டினார். மகன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணன் உருண்டுவிடாதபடி, அவள் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே போனாள்.