மூலக்குளத்துக்குப் போன வீடு

இன்னாசியின் ஓட்டு வீடு மூலக்குளம் மிலிட்டரி கேம்புக்குப் போய்ச் சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அறுப்புக் காலம். விளைந்த நெல்லை மிதிக்காமல் வரப்போரமாகச் சுற்றிக்கொண்டு போனதால்தான் அத்தனை நாள். தரிசாக இருந்திருந்தால் பத்தே நாளில் போயிருக்கும் என்று வில்லியனூர்ப் பக்கத்தில் சொல்வார்கள்.

அது 1979, தை மாதம். புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பி, கடைகள் மூடி, பஸ்கள் நின்று, ஊருக்குள் மிலிட்டரி வந்திருந்தது. இன்னாசியின் ஒரே மகன் தனிஸ்லாஸுக்குப் பதினாறு வயது. பிழையில்லாமல் எழுதுவான் என்று கூட்டாளிகள் தார் டப்பாவையும் பிரஷையும் அவனிடம் கொடுத்து, மெயின் ரோட்டில் ‘இணைக்காதே’ என்று எழுதச் சொன்னார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். ‘இணைக்கா’ என்று பாதியில் விட்டுப் போக இவனுக்கு மனம் வரவில்லை. கடைசி எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். சிப்பாய்கள் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள், லாரியில் ஏற்றினார்கள்.

அவன் தாய் அந்தோணி மேரி நான்கு நாள் அலைந்தாள். போலீஸ் ஸ்டேஷனில், அவன் எங்கள் கையில் இல்லை என்றார்கள். கலெக்டர் ஆபீசில், மிலிட்டரி விஷயத்தில் நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். கேம்பு வாசலில் நின்ற சிப்பாய் தமிழ்க்காரன்தான், பெயர் உலகநாதன். பையன் உள்ளேதான் இருக்கிறான் என்பதை மட்டும் கண்ணால் காட்டிவிட்டு, “போயிடுங்கம்மா, இங்க நிக்கக் கூடாது” என்றான். அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. கூடத்து நடுவில் நின்று புருஷனிடம் சொன்னாள்: “அவன வுட மாட்டாங்களாம். இங்க குந்திகினு இன்னா பண்றது? நாம போலாம்.”

“எங்கடி போறது?” என்று இன்னாசி கேட்டு முடிப்பதற்குள் வீடு ஒரு முழம் கிழக்கே நகர்ந்துவிட்டது.

மேய்ச்சல் மாடு போகிற வேகத்தில் போயிற்று. ஓடு ஒன்றுகூடச் சரியவில்லை, சுவரில் இருந்த அந்தோணியார் படம் சாயவில்லை. கிணறும் முருங்கையும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டதால், போகிற வழியில் யார் கொல்லை வந்ததோ அவர்கள் கிணற்றில் அந்தோணி மேரி தண்ணீர் சேந்திக்கொண்டாள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சிலர் கீரையும் கொடுத்தார்கள். இன்னாசிக்கு மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது டீக்கடையில் கால் ஊன்றி, “எம் வூடு இன்னிக்கி எங்க கீது?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போவான். ரயில்பாதையைக் கடந்த அன்று விழுப்புரம் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. ஜனங்கள் இறங்கி வந்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். கேட்கீப்பர் பச்சைக்கொடி காட்டி வீட்டை அனுப்பிவைத்தான். அந்தோணி மேரிக்கு வீடு நடப்பதில் அதிசயம் ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவு மெதுவாகப் போகிறதே என்ற ஆத்திரம்தான் இருந்தது.

முன்பு மல்லாட்டை குடோனாக, வேர்க்கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம்தான் கேம்பு. அதன் பின்பக்கம் கூடாரம் அடித்து, காலில் கயிறு கட்டி, முளையில் பிணைத்து தனிஸ்லாஸைப் போட்டிருந்தார்கள். கூட இருந்தவர்கள் யார் என்று தினமும் கேட்டார்கள். “நாந்தான் எழுதுனேன்” என்பதற்கு மேல் அவன் பேசவில்லை. வெயிலில் முட்டிபோட வைத்தார்கள். அறைந்ததில் இடது காது வண்டு போல இரைந்துகொண்டே இருந்தது. இந்தியில் எழுதின ஒரு காகிதத்தை நீட்டியபோது, “படிக்கத் தெரியாததுல கையெழுத்து போட மாட்டேன்” என்றான். அதற்கும் அறை விழுந்தது. மல்லாட்டைத் தோலின் வாசனையில் படுத்தபடி, அம்மாவுக்குத் தான் இருக்கும் இடம் தெரியுமா என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டாம் நாள் உச்சி வெயிலில் வீடு கேம்பு வாசலுக்கு வந்தது. உலகநாதன் துப்பாக்கியை நீட்டி நில் என்றான். ஜன்னலில் அந்தோணி மேரி முகம் தெரிந்தது. “நான் சொன்னா நிக்குமாப்பா? நீயே சொல்லிப் பாரு.” அவன் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். முள்வேலி வீட்டின் ஒரு சுவரில் புகுந்து மறுசுவரில் வெளியே வந்து, துணி காயப்போட வசதியாக நின்றது. வீடு கூடாரத்தின் மேல் ஏறி நின்றதும் கூடாரத் துணி மடிந்து சுவரோரம் உட்கார்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த தனிஸ்லாஸ் கண் விழித்தபோது தன் வீட்டுச் சமையல்கட்டில் கிடந்தான். அவன் காலில் இருந்த கயிற்றை அம்மா அரிவாள்மனையில் அறுத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அழுதாள். அவன் இடது காதைக் கையால் மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

ஆள் கணக்கெடுக்கக் கேப்டன் வந்து நிலைப்படியில் நின்றான். “பூட்ஸ கழட்டிட்டு வரச் சொல்லு” என்றாள் அந்தோணி மேரி. உலகநாதன் அதை இந்தியில் சொன்னான். கேப்டன் கழற்றிவிட்டு வந்தான். டேப் வைத்து அளந்து பார்த்தார்கள். முளை அதே இடத்தில், சாணி மெழுகின தரையில் அடித்தபடியே இருந்தது. பையனும் அதன் பக்கத்தில்தான் இருந்தான். தப்பி ஓடினவன் என்று எழுத வழியில்லை. ‘கைதி இடம் மாறவில்லை’ என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினான். பதில் வரும்வரை பையன் கைதிதான் என்பதால் உலகநாதனை வாசலில் காவல் போட்டார்கள். பதினோரு நாள் அவன் அந்த வீட்டில்தான் சாப்பிட்டான். வஞ்சிர மீன் குழம்பு வைத்த அன்று, தன் ஊர் உடன்குடிப் பக்கம் என்றும் இரண்டு வருஷமாக லீவு கிடைக்கவில்லை என்றும் சொன்னான்.

விபூதிப் புதனன்று விடுதலை உத்தரவு வந்தது. வழக்கு இல்லை, காரணமும் எழுதவில்லை. கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மூன்று பேரும் திரும்பி வந்தபோது மிலிட்டரி லாரிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. இணைப்புப் பேச்சும் அடங்கியது. காது இரைச்சல் ஈஸ்டரோடு நின்றது.

வீடு பிறகு அங்கேயே இருந்துவிட்டது. இன்னாசி புதுக் கிணறு வெட்டினான், பதினைந்தடியில் நல்ல தண்ணீர். தனிஸ்லாஸ் பரீட்சை எழுதித் தேறி, போர்டு எழுதும் வேலைக்குப் போனான். மூலக்குளத்தில் கடைகள் பெருகப் பெருக அவனுக்கு ஓய்வில்லை. எண்பத்தாறில் பாகூரிலிருந்து பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பன் சூசைநாதன் வீட்டைச் சுற்றி வந்து, அஸ்திவாரம் இல்லாததைப் பார்த்துவிட்டு, “இது மறுபடியும் கெளம்புமா?” என்று கேட்டார். “வேல வந்தா கெளம்பும்” என்றாள் அந்தோணி மேரி. பெண் செலின் மேரி கேட்டது ஒன்றுதான்: போகும்போது அடுப்பு அணைந்துவிடுமா? அணையாது என்றார்கள். பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.