பறக்கும் தட்டின் ஐந்தாவது விளக்கு

பெண் வீட்டார் வரப்போகிற நேரத்தில் அந்தப் பின்பால் எந்திரம் கூடத்தில் வந்து உட்கார்ந்தது பெரியவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. மூடிப்போன விளையாட்டுக் கூடம் ஒன்றிலிருந்து மகன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய சரக்கு. சாய்ந்த கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருளும். பொத்தானை அமுக்கினால் இரண்டு துடுப்புகள் அதைத் தட்டி மேலே அனுப்பும். நடுவில் தொங்கும் பறக்கும் தட்டை அடித்து வீழ்த்தவேண்டும். எந்திரத்தின் தலைமாட்டில் நிமிர்ந்து நின்ற கண்ணாடிப் படத்தில் கீழே ஊர் பற்றி எரிந்தது. மேலே வானம் வெறும் கறுப்பு.

"தட்டை அடிக்க அடிக்க அங்க ஒவ்வொருத்தரா தெரிவாங்க ஐயா. அஞ்சு விளக்கும் செத்துக் கிடந்துச்சு, மாத்திட்டேன்" என்றார் அதைச் சரிபார்க்க வந்திருந்த மெக்கானிக். எந்திரத்தை மட்டும் குலுக்கிவிடக் கூடாது, குலுக்கினால் எல்லாம் அணைந்து ஆட்டம் முடிந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

அதற்கு மேலே சுவரில் குடும்பப் படம். நாற்காலியில் அப்பா, அவர் வலப்பக்கம் தோளில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும் பெரியவர், இடப்பக்கம் அம்மா, அம்மாவை அடுத்துத் தங்கை. தங்கையோடு படம் முடிந்துவிடும். சட்டம் போடக் கொடுத்தபோதே அந்த ஓரத்தைப் பெரியவர் நறுக்கச் சொல்லிவிட்டார். பொருட்காட்சிக் கூட்டத்தோடு விளம்பரப் பலகைகளுக்குப் படம் வரைய ஓடிப்போனவனுக்கு மானமுள்ள குடும்பத்தின் சுவரில் இடம் கிடையாது. அப்பாவின் சாவுக்கு வாசல்வரை வந்து நின்றவனிடம், எனக்குத் தம்பியே கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பினார். மகனுக்கும் சொன்னதில்லை. பெண் வீட்டாருக்கும், தாம் ஒரே ஆண்பிள்ளை என்றே சொல்லியிருந்தார்.

வந்த சம்பந்தி எந்திரத்தைக் கண்டதும் காப்பியை மறந்தார். மீசை நரைத்த மனிதர், சின்னப்பிள்ளை மாதிரி இடுப்பை வளைத்துக்கொண்டு ஆடினார். கல்யாணப் பேச்சு கப்பலேறியது.

குண்டு தட்டில் மோதியது. கறுப்பு வானத்தில் பச்சை முகம் ஒன்று எரிந்தது. வேற்றுக்கிரக ராஜா. முறுக்கிய மீசை, இடது புருவத்துக்கு மேல் மச்சம், நாற்காலிக் கையை நெரிக்கும் விரல்கள்.

பெரியவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். அப்பா.

இரண்டாவது விளக்கில் பச்சை நிறத்தில் அம்மா வந்தாள். மூன்றாவதில், தலையில் கொம்பு முளைத்த தங்கை. சம்பந்தியம்மா கண்ணாடியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, இது உங்க குடும்பப் படம்தானே? அச்சு அசலா அப்படியே இருக்கே."

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேராம்மா" என்றார் பெரியவர்.

நான்காவது விளக்கு, தங்கையின் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் ஒரு பையனைக் காட்டியது. சம்பந்தியம்மா சுவரின் அருகே போனாள். அங்கே தங்கையின் தோளில், சட்டத்தின் விளிம்பை ஒட்டி, நான்கு விரல்கள் மட்டும் இருந்தன. இத்தனை வருஷம் பெரியவர் கவனித்துத் துடைத்த படம். அந்த விரல்கள் ஒருநாளும் அவர் கண்ணில் பட்டதில்லை.

"இந்தப் பையன் யாரு? உங்க படத்துல விரல் இருக்கு, ஆளைக் காணோமே?"

மகனும் அப்பாவைப் பார்த்தான். பெரியவரின் உள்ளங்கை எந்திரத்தின் பக்கப் பலகையில் இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும். எல்லாம் இருண்டுவிடும், ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் ஒரு விளக்கு பாக்கி இருந்தது. ராஜாவின் வலப்பக்கம். அது அவருடைய இடம்.

என்னை எப்படி வரைந்திருப்பான்? கொம்போடா, கோரைப் பல்லோடா? எப்படியானாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவரைத் திடுக்கிட வைத்தது. கையை எடுத்துக்கொண்டார்.

குண்டு மேலேறியது. தட்டு நடுநடுங்கிச் சரிந்தது. எந்திரம் முழுக்க மணியடித்தது. ஐந்தாவது விளக்கு எரிந்தது.

நட்சத்திரங்கள். வெறும் நட்சத்திரங்கள்.

"அந்த பல்பு போயிருச்சு" என்றார் பெரியவர். "மாத்துப்பா."

மெக்கானிக் பின்பக்கம் திறந்து பார்த்தார். "நல்லாத்தாங்க எரியுது. அந்த இடத்துல ஆளே வரையலை."

"வரைஞ்சவர் மறந்துட்டாரோ என்னவோ" என்று சம்பந்தி நெற்றியைத் துடைத்தபடி சமாதானம் சொன்னார்.

பெரியவர் அந்த வெறும் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெண் வீட்டார் நிற்பது தெரிந்தது. மகன் நிற்பதும் தெரிந்தது.

"மறக்கலைங்க" என்றார். "என் தம்பி எதையும் மறக்கிறவன் இல்லை."