மூன்றாவது ஊசி

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு கெட்டுவிடும் என்று தம்பிக்குக் கவலை. "உன் பட்டறையில வந்து ஒத்தாசையா இருக்கட்டுமே" என்றார். யோசனை சொன்ன மகராசன் மறுநாள் காலையில் வழக்கம்போல் ஆபீசுக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்.

பட்டறை என்றால் ஷட்டர் போட்ட ஒரே ஒரு அறை. பைக் டேங்க், ஹெல்மெட் இவற்றின் மேல் ஏர்பிரஷ்ஷால் படம் வரைந்து தருவது என் தொழில். ஏர்பிரஷ் பேனா அளவுதான் இருக்கும். மேலே சின்னக் கிண்ணத்தில் பெயிண்ட், கீழே கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாய், உள்ளே நீளமாக ஒரு ஊசி, அதன் முனை நுழைகிற நாசில். டிரிகரை விரலால் அமுக்கினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் ஊசி நகர்ந்து பெயிண்ட் வரும். அந்த ஊசியின் முனை கொஞ்சம் வளைந்தாலும் போச்சு. கோடு போடாது, துப்பும். என்னிடம் மூன்று ஊசிகள் உண்டு. பட்டையாக அடிக்கப் பெரியது, எல்லாவற்றுக்கும் நடுவாந்தரம், முடி மாதிரிக் கோட்டுக்கு மெல்லியது. மூன்றையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை.

அண்ணி வந்த முதல் வாரமே ஏர்பிரஷ்ஷை அப்படியே முழுசாகத் தின்னரில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் வளையமெல்லாம் ஊறி உப்பிப் போயிருந்தது. டிரிகர் அசையவே இல்லை.

"அண்ணி, தின்னர்ல ஊறப் போடக் கூடாது. கிண்ணத்துல கொஞ்சம் ஊத்தி, பிரஷ் முனையைத் துணியால பொத்திக் காத்த விட்டா உள்ள குமிழ் விடும். அழுக்கு தானா வெளிய வந்துடும். அப்புறம் ஊசிய உருவித் தொடச்சா போதும்."

"தொடச்சா போதுமா? எங்க தியேட்டர்ல இப்படிச் சொல்லியிருந்தா பெரிய டாக்டர் கொன்னுருப்பாரு."

"இது தியேட்டர் இல்ல அண்ணி."

"அதான் பாத்தாலே தெரியுதே" என்றார், அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து.

இரண்டாவது வாரம் மூன்று ஊசிகளையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டார். கொதிக்கிற தண்ணீரில் ஒன்றோடொன்று மோதி மெல்லிய ஊசியின் முனை கொக்கி ஆகிவிட்டது. புதிது வாங்கி வரும் வரை இரண்டு நாள் வேலை நின்றது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வயதில் மூத்தவரை என்ன சொல்ல? பல்லைக் கடித்துக்கொண்டு, "இனிமே கொதிக்க வெக்காதீங்க அண்ணி" என்றேன். "சரி சரி" என்றார். அந்தச் சரியில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணுவதைத்தான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கப் போகும்போது எவர்சில்வர் தட்டோடு வந்து நிற்பார். "ஊசி மூணு. நாசில் ரெண்டு. கிண்ணம் நாலு. கத்தி ஒண்ணு. சொல்லு, நீயும் சொல்லு." நானும் கூடவே சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஷட்டர் இறங்காது. ஒருநாள் ஒரு கிண்ண மூடிக்காக முக்கால் மணி நேரம் தரையைத் துழாவினோம். கடைசியில் அது என் சட்டைப் பையில் இருந்தது.

"மூடிதானே அண்ணி! நாளைக்குக் கெடைக்காதா? எதுக்கு இப்படி உயிர வாங்குறீங்க?"

அன்றைக்குத்தான் சொன்னார். "ஒரு தடவ ஒரு பஞ்சு குறைஞ்சுது. நான் சொன்னேன். டாக்டர் நேரமாச்சு, தைக்கலாம்னுட்டாரு. நானும் வாய மூடிக்கிட்டேன். பதினோரு நாள் கழிச்சு அந்தம்மா காய்ச்சலோட திரும்பி வந்தாங்க." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கு இருந்த எரிச்சலில், ஒரு மூடிக்கும் வயிற்றுக்குள் விட்ட பஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றியது.

மீன்கொத்தி ஹெல்மெட் வந்தது இதற்குப் பிறகுதான். கூரியர் கம்பெனியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பெண் கொண்டுவந்தாள். நாள் முழுக்க வண்டியில் சுற்றுகிறவள். ஹெல்மெட் இரண்டு பக்கமும் மீன்கொத்தி வேண்டும், தண்ணீருக்குள் பாய்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

உள்ளே இருக்கும் துணி மெத்தையையும் இரண்டு கன்னப் பஞ்சையும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வேலையை ஆரம்பித்தேன். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, முதலில் ஒரு காகிதத்தில் அடித்துப் பார்த்து, பிறகு மெல்லிசாக ஒன்றன்மேல் ஒன்றாக. நீலம் நன்றாக விழுந்தது. இறகின் ஓரக் கோடுகளுக்காக நடு ஊசியை உருவிவிட்டு மெல்லிய ஊசியைப் போட வேண்டும். அரை மணி நேரத்தில் நடு ஊசி திரும்பத் தேவைப்படும். அதைக் கீழே வைத்தால் அண்ணியின் தட்டுக்குப் போகும். தட்டுக்குப் போனால் அடுப்புக்கும் போகலாம். அண்ணி குழாயடியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த கன்னப் பஞ்சின் தையல் ஓரத்தில் ஊசியைச் செருகி ஒளித்துவைத்தேன். முனைக்கு அடிபடக் கூடாது அல்லவா, அதனால் மொட்டைப் பக்கத்தை உள்ளே விட்டு, கூர் முனை வெளியே பார்க்கும்படி வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

மீன்கொத்தியின் கண் அற்புதமாக வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மிச்சத்தையும் மெல்லிய ஊசியாலேயே முடித்துவிட்டேன், நடு ஊசி தேவைப்படவே இல்லை.

சாயங்காலம் தட்டு வந்தது. "ஊசி ரெண்டு" என்று நிறுத்தினார் அண்ணி. "மூணாவது எங்க?"

எனக்குப் பசி, தலைவலி. ஒளித்துவைத்தேன் என்று சொன்னால் அதற்கொரு பஞ்சாயத்து. வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். "முனை வளைஞ்சிருந்துச்சு. சரி பண்ணக் குடுத்திருக்கேன்."

"எப்பக் குடுத்த? இன்னைக்கு நீ வெளியவே போகலையே?"

"மத்தியானம் ஒருத்தர் வந்தாரு அண்ணி, நீங்க அப்ப குழாயடியில இருந்தீங்க. இதுக்கும் கணக்கா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு தாளில் 'ஊசி ஒன்று வெளியே' என்று எழுதித் தட்டில் வைத்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் அதை வாசித்த பிறகுதான் ஷட்டர் இறங்கியது. நான் அதற்குள் பளபளப்புக்கு மேல்பூச்சாகக் கிளியர் கோட் அடித்து, காயவைத்து, பாலிஷ் போடுவதில் மூழ்கிவிட்டேன். ஊசி என் மண்டையிலிருந்தே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே கூரியர்காரி வந்து நின்றாள். அவசர அவசரமாக மெத்தையையும் கன்னப் பஞ்சுகளையும் உள்ளே அழுத்திப் பொருத்திக் கொடுத்தேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் போடுறதுக்கு முன்னாடி எம்பொண்ணு போட்டுப் பாக்கணுமாம். நேத்துல இருந்து ஒரே நச்சரிப்பு" என்று பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு, பழைய ஹெல்மெட்டோடு போனாள்.

நாலரைக்கு அடுத்த டேங்க்கை எடுத்தேன். நடு ஊசியைத் தேடினேன். டப்பாவில் இல்லை.

"அண்ணி, நடு ஊசியப் பாத்தீங்களா?"

"சரி பண்ணக் குடுத்தேன்னியே?"

நான் மறுபடியும் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். அண்ணியின் குரல் மாறியது. "கடைசியா எப்ப உங்கையில இருந்துச்சு? யோசிக்காத, அன்னைக்குச் செஞ்ச மாதிரி கைய வெச்சுக் காட்டு."

ஏர்பிரஷ் இடது கையில். வலது கை ஊசியை உருவியது. குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வலது கை தானாக மேஜையின் ஓரத்துக்குப் போனது, கன்னப் பஞ்சு கிடந்த இடத்துக்கு.

"கன்னப் பஞ்சுல..." என்றேன். "முனை வெளிய பாத்த மாதிரி..."

அண்ணி திட்டவில்லை. "போன் பண்ணு" என்றார். பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்? ஆர்டர் நோட்டில் விலாசம் இருந்தது. ஷட்டரைக்கூட இறக்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன். வண்டி என்றாலே பயந்து நடந்தே போகிற அண்ணி, பின்னால் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. "செவ்வாய்க்கெழமையே சொல்லியிருக்கலாம்ல" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. கொதிக்க வைத்தவர் மேலா, ஒளித்துவைத்த என் மேலா?

கூரியர்காரியின் வீடு மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. கூடத்துக் கண்ணாடி முன்னால் எட்டு வயதுப் பெண் ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. அம்மாக்காரி சிரித்தபடியே இரண்டு கையாலும் ஹெல்மெட்டைத் தூக்கி அதன் தலைக்கு மேல் கொண்டுபோனாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நிறுத்து! கைய எறக்காத!"

அது என் அண்ணியின் குரல் என்று நம்பவே முடியவில்லை. அம்மாக்காரியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அண்ணி நாலு எட்டில் போய் ஹெல்மெட்டை வாங்கி, மேஜையில் கவிழ்த்து வைத்து, என்னைப் பார்த்தார். நான் இடது கன்னப் பஞ்சைக் கழற்றினேன். விரலால் லேசாக அமுக்கியதும் தையல் ஓரத்திலிருந்து ஊசி முனை வெளியே வந்தது, கண்ணோரம் இருக்க வேண்டிய இடத்தில்.

"என்னது அது?" என்றாள் கூரியர்காரி.

"ஒண்ணுமில்லம்மா, ஒரு ஸ்க்ரூ லூசா..." என்று ஆரம்பித்தேன். பழக்கம், வாய் தானாகப் போகிறது.

"ஊசி" என்றார் அண்ணி. "எங்க கணக்குல ஒண்ணு குறைஞ்சிருந்துச்சு. குறைஞ்சது தெரிஞ்சும் உங்ககிட்டக் குடுத்து அனுப்பிட்டோம். தப்பு எங்களுது."

எங்க கணக்கு என்றார். அவருக்கு அதில் என்ன தப்பு? என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கூரியர்காரி மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு, "உள்ள இருக்கிற எல்லாத்தையும் வெளிய எடுங்க. எங்கண்ணு முன்னால" என்றாள். எடுத்தோம். ஒவ்வொரு பஞ்சாக அண்ணி அழுத்தி, திருப்பி, மடக்கிப் பார்த்து மேஜையில் அடுக்கினார். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி முடித்ததும், நரைத்த கொண்டையை அவிழ்த்துவிட்டு அந்த ஹெல்மெட்டைத் தன் தலையில் அழுத்தி மாட்டினார். இடமும் வலமும் திரும்பினார். இரண்டு கன்னத்தையும் கையால் ஓங்கி அமுக்கினார். பிறகு கழற்றி, அந்தக் குழந்தையிடம் கொடுக்காமல் அம்மாவிடம் கொடுத்தார்.

"இப்பப் போட்டுப் பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டது அது.

"இருடி" என்றாள் அவள். நாங்கள் கிளம்பும் வரை ஹெல்மெட் அவள் மடியில்தான் இருந்தது.

திரும்பி வந்து, திறந்தபடியே கிடந்த பட்டறைக்குள் நுழைந்ததும் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பஞ்சை அமுக்கிப் பொருத்தியதில் முனை வளைந்திருந்தது.

"வளைஞ்சுதான் இருக்கு அண்ணி" என்றேன். "நெஜமாவே சரி பண்ணக் குடுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு என் முன்னால் தட்டை நீட்டினார். நான் ஊசிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அன்றைக்கு நான்தான் முதலில் எண்ணினேன்.

"இனிமே நான் கொதிக்க வெக்க மாட்டேன்" என்றார் அண்ணி. "நீயும் எங்கிட்ட ஒளிக்காத."